தெற்குக் கோல்

வேல்ஸில், மூடிப்போன ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் தலைமேல் அந்தக் கால்பந்து கிளப்பின் மைதானம் இருந்தது. தெற்குக் கோலின் கம்பங்கள் வருஷத்துக்கு ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கின. "கம்பம் ஒண்ணும் புதைஞ்சு போகலய்யா, நம்ம கிளப் வேர் விடுது!" என்று நூற்றாண்டு விழாவில் தலைவர் மெரிடித் முழங்க, ஊரே கைதட்டியது. கோல்கீப்பர் எம்ரிஸ் மட்டும் தட்டவில்லை. சுரங்கம் சரிந்தபோது உள்ளேயிருந்த அவன் அப்பாவை யாரும் வெளியே எடுக்கவில்லை. அன்று சுரங்க மேலாளராக இருந்து, "கீழ யாருமில்ல, மூடுங்க" என்று சொன்னவர் இதே மெரிடித்.

விழா நாளில் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கினாலும் லீகிலிருந்து வெளியேற்றம், கிளப்பையே கலைக்க வேண்டியதுதான். கடைசி நிமிடத்தில், தாழ்ந்த கம்பத்தடியில் குனிந்து நின்ற எம்ரிஸின் கால்களுக்கிடையே பந்து உருண்டது. கோட்டருகே மண் வாய் பிளந்து அதை விழுங்கியது.

"கோட்டத் தாண்டல! கோலே இல்ல!" என்று மெரிடித் கத்தினார்.

"பந்து எங்கய்யா? பந்தக் காட்டு, சொல்றேன்," என்றார் நடுவர்.

எம்ரிஸ் குப்புறப் படுத்துக் குழிக்குள் தலையை நீட்டினான். பந்து விழுந்த சத்தம் இன்னும் வரவில்லை.

"அப்பா," என்றான், "பந்தக் கொஞ்சம் மேல தூக்கிப் போடுங்களேன்."