கயிறு பிடிக்கிற கை

டாக்டர் ஞானதீபம் சொல்லி முடித்ததிலிருந்து அம்புரோஸ் அத்தான் உட்காரவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். பீடியைப் பற்றவைப்பார், ஒரு இழுப்பு இழுக்குமுன் தூக்கிப் போடுவார்.

வழி இரண்டு.

ஒன்று, இங்கேயே மாத்திரை. பிள்ளை வீட்டில் இருக்கும், பள்ளிக்கூடம் போகும், மாதா கோயில் திருவிழாவும் பார்க்கும். அடுத்த திருவிழாவுக்கு இருக்குமா என்று கேட்டால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

இன்னொன்று மெட்ராஸ். ஊசிக்கு மேல் ஊசி, முதுகுத்தண்டிலும் ஊசி. தலையில் எக்ஸ்ரே போல ஒரு கதிர் வேறு. முடி கொட்டும், வாந்தி நிற்காது. அந்த வைத்தியம் தாங்காமலே போய்விடுகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் இரத்தப் புற்றுநோய் வந்து பிழைத்த பிள்ளை என்று யாராவது இருந்தால், அந்த வழியில் போனதாகத்தான் இருக்கும்.

அத்தானின் மகள் கிளாடிஸுக்கு ஏழு வயது. பெஞ்சில் உட்கார்ந்து, காலில் நீலம் நீலமாகக் கன்றியிருந்த இடங்களை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, என் பிளாரன்ஸ் அக்கா. மடியில் பிறந்து இரண்டு மாதமே ஆன கைக்குழந்தை. அக்காவால் மெட்ராஸ் போக முடியாது.

சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் இப்போதே சொல்லியாக வேண்டும்.

அத்தான் சங்கு குளிக்கிறவர். ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல்லோடு அவர் கடலில் இறங்கினால் மேலே படகில் கயிறு பிடிப்பது நான். எங்கள் பக்கம் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள். அக்காளின் தாலிக்கு ஒன்று வர அவன் விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

கீழிருந்து கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். ஆனால் அத்தான் பெரிய மீனின் நிழலைக் கண்டாலும் அசைப்பார். பயத்தில் அசைப்பது வேறு, மூச்சு முட்டி அசைப்பது வேறு. என் கைக்குத் தெரியும். பயத்துக்கு நான் இழுப்பதில்லை.

மேலே வந்ததும் படகு அதிரத் திட்டுவார். போன வாரம், கயிறு பிடிக்க வேறு ஆளைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார். பார்க்கட்டுமே என்று நானும் முறுக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

அத்தானின் நடை நின்றது.

“மெட்ராஸுக்கே போகட்டும் டாக்டர்.”

பாதியில் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவதுதான் ரொம்ப மோசம் என்றார் டாக்டர். பிள்ளை அலறும், போதும் என்று கெஞ்சும். நிஜமாகவே தாங்காத நேரமும் வரலாம். அதைப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டியவர் கூட இருப்பவர்தான். “நீங்கதானே போறீங்க?”

அத்தான் இல்லையென்று தலையாட்டினார். என் முகத்தைப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

“நான் போனா புள்ள அழுத ஒடனே தூக்கிட்டு வந்துருவேன். இந்தப் பய லேசுல இழுக்க மாட்டான். என்னயப் பாடாப் படுத்தித்தான் மேல கொண்டாருவான். ஆனா ஒரு நாளும் சாக விட்டதில்ல.”

பெஞ்சில் போய்க் கிளாடிஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலை அழுத்திக்கொண்டிருந்த அவள் விரலை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன்.