எலியாசா வாங்கா நினைவாக

"'மாமனிதர்'னு ஆரம்பிச்சே, அப்படியே எழுந்து வெளியே போயிடு. காலையிலேர்ந்து பதினோரு மாமனிதர் வந்தாச்சு."

பத்திரிகை ஆசிரியர் விம்லேஷ் இதைச் சொன்னபோது லித்தியானா இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. தீவு நகரான லம்பாசாவின் அந்தச் சின்னப் பத்திரிகை அலுவலகத்தில், ஜனவரிப் புழுக்கத்தில், மின்விசிறி நாள் முழுக்கக் கரும்பு வெட்டியவன்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் சந்தை ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் யாரென்று யாரும் சொல்லவில்லை.

இதே பத்திரிகையின் பழைய நிருபர் எலியாசா வாங்கா பெயரிலான நினைவு உதவித்தொகைக்கு நேர்காணல். பத்திரிகைத் தொழில் படிக்கப்போகும் ஒரே ஒருவருக்கு மூன்று வருஷப் படிப்புச் செலவு. கிடைத்தால் தலைநகர் சுவாவில் பல்கலைக்கழகம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து சூப்பர் மார்க்கெட் கல்லா. அதற்கான நீலச் சட்டைகூட வீட்டுக்கு வந்துவிட்டது.

"வாங்காவை உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் விம்லேஷ்.

"எங்கம்மா சந்தையில மரவள்ளி விக்கிறாங்க சார். கூரை ஒழுகுதுன்னு அவங்க சொன்னதை அவர் செய்தியா போட்டார். மறு மாசமே புதுக் கூரை வந்துடுச்சு."

"ஆக, நல்ல மனுஷன்."

"எங்கம்மா சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரி சொன்னதா போட்டுட்டார். ஏழு வருஷமா அந்தம்மாதான் சந்தைக்கே தலைவி. எங்கம்மா இன்னைக்கும் வாங்கா பேரைச் சொல்லித்தான் கத்தி தீட்டுறாங்க."

பெரியவருக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டார்.

"அவன் அப்படித்தாம்மா. கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தா நோட்டை எங்க வெச்சோம்னே தெரியாது. ஒரு தடவை மந்திரி பேச்சுன்னு முக்கால் பக்கம் எழுதினான். புயல்ல கூட்டமே நடக்கல."

"மந்திரி கோவிச்சுக்கலையா?"

"தான் ரொம்ப நல்லா பேசியிருக்கிறதா நன்றிக் கடுதாசி போட்டார்."

விம்லேஷ் கனைத்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "பத்து நிமிஷம். வாங்காவுக்கு இரங்கல் செய்தி எழுது. எல்லாருக்கும் இதே பரீட்சைதான்."

"முன்னாடி வந்த பையன் எழுதினதைக் கேளு," என்று பெரியவர் ஒரு தாளை உருவினார். "படகு கவிழ்ந்து, ரெண்டு குழந்தைங்களைக் கரை சேர்த்துட்டு வாங்கா மூழ்கிட்டாராம். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

லித்தியானா தாளின் மேல் மூலையில் தன் பெயரை எழுதினாள். வயதை எழுதினாள். இரங்கலின் முதல் வரியில் பேனா நின்றது.

"சார், எப்ப இறந்தார்?"

விம்லேஷ் பெரியவரைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "தெரிஞ்சதை வெச்சு எழுதும்மா."

"வேலையை விட்டுட்டுத் தவேயுனித் தீவுக்குப் போனது வரைக்கும்தான் தெரியும். உங்க அறிவிப்புலயும் தேதி இல்லை. முதல் வரியே அதுதானே சார்?"

"மத்த பதினோரு பேரும் கேக்கலையே. ஆறு நிமிஷம்தான் இருக்கு."

நீலச் சட்டை அவள் கண்முன்னே ஆடியது. அது சைஸும் பெரிது. ஆனாலும் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டாள்.

"தெரியாம எழுத மாட்டேன் சார். பக்கத்துக் கடைக்காரி கதையாயிடும்."

 பெரியவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"விம்லேஷ், அந்தப் பதினோரு தாளையும் ரொட்டிக் கடைக்கு அனுப்பிடு, பொட்டலம் மடிக்க உதவும். சுவாவுக்கு இவ போகட்டும்."

விம்லேஷ் தலையாட்டி, அவள் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். லித்தியானா பேனாவை மறுபடி திறந்தாள். அவள் விடவில்லை.

"தேதி, ஐயா?"

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"வர்ற ஆகஸ்ட்டுன்னு டாக்டர் சொல்றார்மா. உங்கம்மா பேரைச் சொல்லு, அதுக்குள்ள அந்தக் கூரைச் செய்திக்கு ஒரு திருத்தம் போட்டுட்டுப் போறேன்."