பதினாறாவது சொல்

துலூத் நகரப் பேருந்தில் கல்லூரிக்கு வரும்போதே சோல்வெய்க்குக்கு மனம் அடித்துக்கொண்டது. வீட்டுக் கதவைப் பூட்டினோமா? உள்ளே, ஞாபகம் தப்பிப்போன அம்மா நைட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி.

அறிவாற்றல் உளவியல் வகுப்பில் அன்று சோதனை நடத்துவது அவள் முறை. கட்டில், தலையணை, போர்வை, கனவு என்று பதினைந்து சொற்களை வாசித்தாள். நினைவில் நின்றவற்றை எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாமே தூக்கத்தைச் சுற்றிய சொற்கள் என்பதால், பட்டியலில் இல்லாத ‘தூக்கம்’ என்ற சொல்லையும் கேட்டதாகப் பாதிப் பேராவது எழுதிவிடுவார்கள், சோதனையே அதுதான்.

இருபத்திரண்டு தாள்களில் ஒன்றில்கூடத் தூக்கம் இல்லை. எல்லாவற்றிலும் ‘கதவு’ இருந்தது.

“கதவுன்னு நான் சொல்லவே இல்லையே!”

பேராசிரியர் ஹாகன் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பதினைந்து சொற்கள். கதவு இல்லை.

“நீ எங்கடி சொன்னே?” என்றாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரித்தா. “உன் பக்கத்துல நைட்டியோட ஒருத்தங்க நின்னாங்களே, அவங்கதான் சொன்னாங்க. சோதனைக்காக நீதான் கூட்டிட்டு வந்தியோன்னு நெனச்சோம். பாவம், கால்ல செருப்புகூட இல்ல.”

சோல்வெய்க் கீழே பார்த்தாள். மேசையருகே தரைவிரிப்பில் இரண்டு வெறுங்காலடிகள் ஈரமாகப் பதிந்திருந்தன. விரல் பதிந்த இடத்தில் பனித்துகள் இன்னும் கரையவில்லை.