எங்கள் தெருவின் குண்டூசிகள்

சுகாதார அதிகாரி சென்னைப் பட்டணத்தின் வரைபடத்தை எங்கள் தெருமுனைக் கொட்டகையில் மாட்டினார்.

காலராவில் இறந்தவருக்கு ஆளுக்கொரு சிவப்புக் குண்டூசி. ஊசியின் கழுத்தில் அவர் வீட்டுத் தெருவும் கதவு எண்ணும் எழுதிய காகிதத் துணுக்கு.

ஐந்து ஊசியாவது நிற்கும் தெருவுக்குத்தான் இந்த வருஷம் குழாய்த் தண்ணீர் என்றார்.

எங்கள் ராயபுரம் தெருவில் ஓர் ஊசிகூட இல்லை.

நோய் கண்டவர்களை எல்லாம் வண்டியேற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். அங்கே இறந்ததால், ஊசிகளெல்லாம் ஆஸ்பத்திரியின் மேல் மொய்த்துக் கிடந்தன.

மகனை அப்படி அனுப்பிய பச்சையம்மா இடுப்பில் கைவைத்தாள்.

"அப்போ ஆஸ்பத்திரிக்கே கொழா போட்டுக்கினு போ சார். நோவு அங்கதானே பொறந்துகீது! நாங்க இந்தக் கலீஜ் கெணத்துத் தண்ணியையே குடிச்சிக்கினு கெடக்குறோம்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நியாயந்தாம்மா. உங்க தெரு ஊசிய எடுத்து உங்க தெருவுலயே குத்துங்க."

அந்தக் கூட்டத்தில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

பச்சையம்மாவின் மகனை எடுத்துக் கொடுத்தேன். ரோஸ்மேரியின் தாயை. சிவந்தியின் கைக்குழந்தையை. அவரவர் ஊசியை அவரவரே குத்தினார்கள். சிவந்தியின் ஊசி மட்டும் இரண்டு முறை கீழே விழுந்தது.

அப்புறம் என் வீட்டு எண். என் கணவர் சௌக்கத் அலி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இருவரும் நோய் கண்டு ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் மட்டும் பிழைத்துத் திரும்பினேன்.

"நாலுதான் வருது. வேற இல்லியாம்மா?" என்றார் அதிகாரி.

மறுபடியும் தேடினேன்.

இருந்தது. என் கணவரின் ஊசியை எடுத்த துளைக்குப் பக்கத்திலேயே. அதே தெரு, அதே கதவு எண்.

"அது யார்து, ஜீனத்து?" என்றாள் பச்சையம்மா.

"எங்க வூட்டுதுதான்."

பிள்ளையில்லாத அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர் என்பது அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். கிணற்றுப் பக்கம் பார்த்தாள். நகர்ந்து வழிவிட்டாள்.

அவருக்குப் பக்கத்தில், இடைவெளி விடாமல், என் ஊசியைக் குத்தினேன்.