ஊசிக்கலாப் பூ

மலைக்கு விருந்தாளிகள் வந்தால் பேராசிரியர் அருமைநாயகம் முதலில் வேலியோரத்து ஊசிக்கலாச் செடிக்குத்தான் கூட்டிப்போவார். பெண்கள் யாரிடமாவது சேலை ஊக்கை வாங்கி மஞ்சள் பூவுக்குள் மெல்லத் தொடுவார். மகரந்தக் காம்பு வெடுக்கென்று உள்ளே மடங்கும். "தேனுக்கு வர்ற பூச்சிய இப்படித்தான் அறையும்." எல்லோரும் வியந்து முடித்ததும், தேநீர்த் தட்டோடு நிற்கும் மனைவி ரெஜினாவிடம் திரும்புவார். "இவளத் தொடக்கூட வேண்டாம், பாருங்க." கையை ஓங்குவார். அவள் தோள்கள் ஒடுங்கும், கண்கள் இறுக மூடும், கோப்பைகள் கலகலக்கும். விருந்தாளிகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். "கொஞ்ச நேரம் விட்டா ரெண்டும் பழையபடி விரிஞ்சிடும்."

இன்றைக்கு அசையக் கூடாது என்று ரெஜினா காலையிலேயே முடிவு செய்திருந்தாள். அவர் கை ஓங்கியபோது அவள் கண்களைத் திறந்தே வைத்திருந்தாள். ஒரு கோப்பைகூடச் சத்தமிடவில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அவள் மூச்சு விடப்போன நேரத்தில், ஊக்கு கொடுத்த பெண் அதை மறுபடியும் அவரிடம் ஆசையாக நீட்டினாள்.

"தொட்டுத்தான் பாருங்களேன், சார்."