தொட்டியின் நாலு மூலை

ரொட்டியின் மேல் பாத்திரம் கழுவும் எலுமிச்சைச் சோப்புத் திரவத்தை ஊற்றுவதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

நடுவில் தாராளமாக ஊற்ற வேண்டும். நுரை பொங்குவதற்காக மேலே கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்து மானேஜருக்கு அனுப்பிவிட்டால், நேற்று விற்காத ரொட்டி முறைப்படி ஒழிந்தது என்று கணக்கு.

மூலைகளில் ஒரு சொட்டுகூடப் படாமல் பார்த்துக்கொள்வதுதான் சபையக்காவின் கைப்பக்குவம்.

கடையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக வேண்டும், வேலைக்கு வர மாட்டேன் என்று சேர்ந்த அன்றைக்கே கறாராகச் சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். ரொட்டிப் பிரிவு அவள் பொறுப்பு. தினமும் கடை திறப்பதற்கு முன்னால் பழைய ரொட்டியை உறை பிரித்துப் பின்பக்கத் தொட்டியில் கொட்டி, யாரும் எடுத்துத் தின்ன முடியாதபடி செய்வதும் அவள் பொறுப்புதான்.

முதல் வாரம் சொன்னது சொன்னபடி ஊற்றினாள். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை.

வேதத்தில் வயல்காரனுக்கு மோசே சொன்ன ஒரு சட்டம் உண்டு. அறுக்கும்போது ஓரம்வரை வழித்து அறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவை என்று. சபையக்காவுக்கு ஏது வயல்? கைவசம் இருந்தது ஒரு பச்சைத் தொட்டி. அதற்கும் நாலு மூலை இருந்தது.

அன்றிலிருந்து நல்ல ரொட்டியாகப் பொறுக்கி, காகிதம் விரித்து, மூலைகளில் வைத்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் மூலைகள் காலியாக இருக்கும். யார் எடுக்கிறார்கள் என்று ஒருநாளும் மறைந்து நின்று பார்த்ததில்லை. பசித்து வருகிறவரை வேடிக்கை பார்ப்பதும் ஒரு பாவம்தான் என்பது அவள் கட்சி.

இந்த விஷயம் அவள் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மோசே என்ன, குப்பத்தொட்டிக்கா சட்டம் போட்டாரு?"

இன்று காலை மானேஜர் படத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆளே வந்து நின்றார்.

அவரும் அவள் சபைதான், ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூலைகளைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"யாரோ ஒரு ஆளு தினமும் வந்து எடுக்குறது கேமராவுல விழுந்திருக்குக்கா. மூஞ்சி தெரியல. எஜமானுக்குக் கீழ்ப்படியணும்னும் வேதத்துலதான இருக்கு? ஊத்திருங்க. இல்லன்னா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

அவள் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு மூலையாக ஊற்றினாள். கடைசி மூலைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. மானேஜர் உள்ளே போய் இன்னொரு பாட்டில் எடுத்துவந்து, மூடியைத் திறந்தே கொடுத்தார்.

நாள் முழுக்க அவளுக்குக் கை வேலையில் இருந்ததே தவிர, மனம் தொட்டியில் கிடந்தது. யாரோ வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பார். வீட்டில் பிள்ளைகள் உண்டோ என்னவோ. மத்தியானம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் கழன்றுவிடும் போல வலித்தது.

வீட்டுக்காரர் வழக்கம்போல முன்னாலேயே வந்திருந்தார். அவருக்குக் கிடங்கில் வேலை. வரும் வழியில் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று கொஞ்ச காலமாகத் தினமும் ரொட்டி வாங்கி வருவார். அவள் வருவதற்குள் துண்டு போட்டு, வாட்டி, தட்டில் அடுக்கி வைத்திருப்பார். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறாமைகூட உண்டு.

இன்று தட்டு கழுவி வைத்தபடியே கவிழ்ந்து கிடந்தது. மகள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"கடை மூடியிருந்துச்சு," என்றார், சுவரைப் பார்த்து.

அறையில் எலுமிச்சை வாசனை அடித்தது. தன் கைதான் என்று நினைத்தாள். முகர்ந்து பார்த்தாள். கையுறையின் ரப்பர் வாடைதான் இருந்தது.

அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்துப்போய் வாளித் தண்ணீரில் முக்கினாள்.

நுரை பொங்கியது. வாளி விளிம்பைத் தாண்டி, தரையில் வழிந்து, அவள் பாதத்துக்கு வந்தது.

அவள் இன்னும் சோப்பே போடவில்லை.

சட்டையின் வலது கையில் தோள்வரை பிசுபிசுப்பு. தொட்டியின் அடியில் ஒரு ரொட்டியாவது நனையாமல் கிடக்குமா என்று அவ்வளவு ஆழம் துழாவியிருக்கிறார்.

கிடங்கு வேலை எப்போது போனது என்று கேட்க வாயெடுத்தாள். அவர் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கும் மானேஜர் வந்து நிற்பார். இனி இந்த வீட்டில் சம்பளம் என்று ஒன்று வந்தால் அது அவளுடையதுதான். ஆனாலும் தொட்டிக்கு இன்னும் நாலு மூலை இருந்தது.

சட்டையைப் பிழிந்து உதறினாள்.

"நாளைக்குக் கடை தொறந்திருக்கும்," என்றாள்.