மூன்று மணி இலை

பொழுது சாய்ந்தால் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொண்டு தூங்கிவிடும். அதில் ஓர் இலைக்கு மட்டும் தினமும் விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அன்று பொறுக்கமாட்டாமல் மெல்லத் திறக்கப் பார்த்தது.

"யோவ், மூடு! பனி விழுது" என்றது உள்ளே படுத்திருந்த எறும்பு.

"தூக்கம் வரலையே, அண்ணே."

"வராட்டி போகுது. விடிஞ்சா நான் வரிசைக்குப் போகணும். பிந்தினா சேத்துக்க மாட்டாங்க. நனையாம பாத்துக்க."

இலை அசையாமல் எறும்பைப் பொத்திக்கொண்டது. எறும்பின் மூச்சு இலை நரம்புகளில் ஏறி இறங்கியது. கிளை ஆடியது. நிலா எங்கோ நழுவிப் போனது.

வெயில் வந்தது. மரமெல்லாம் திறந்தது, அந்த ஓர் இலையைத் தவிர.

"நேரமாச்சு, வாடா!" என்று கிளை வழியே போன எறும்பு வரிசை கூப்பிட்டது.

"கத்தாதீங்கடா" என்று உள்ளிருந்து கிசுகிசுத்தது எறும்பு. "இது இப்பத்தான் கண்ணசந்திருக்கு. நீங்க போங்க."